மணலுக்கு ஒரு கணக்குத் தலைப்பு

புதுச்சேரியில் கடற்கரைச் சாலை இருந்தது, கடற்கரை இல்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டு நிலைமை இதுதான். காந்தி சிலையடியில் உட்கார்ந்து சுண்டல் தின்னும் பிள்ளைகளுக்குக் கால் நனைக்க மணல் கிடையாது. சுவரை ஒட்டிக் கொட்டிய கருங்கல், அதை ஒட்டி அலை. வெளியூர்க்காரர்கள் இந்த ஊருக்கு இயல்பிலேயே பாறைக் கரை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படம் எடுத்துப் போனார்கள். உள்ளூர்ப் பெரியவர்களைக் கேட்டால் அங்கே மணலில் ஆடிய ஆட்டங்களைச் சொல்வார்கள். 2018க்குப் பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் மறுபடி சேர்ந்தது. இப்போது சனி, ஞாயிறுகளில் நிற்க இடமில்லை.

மணல் போனதையும் வந்ததையும் பொறியியல் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இது வேறொரு கேள்விக்கான பதிலாகத் தெரிகிறது. பல்கலைக்கழகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் விளையும் சுற்றுச்சூழல் அறிவு அரசாங்கத்துக்குள் எப்படிப் போய்ச் சேர்கிறது, எங்கே நின்றுவிடுகிறது? ‘பேராசிரியர்கள் எழுதுகிறார்கள், அதிகாரிகள் படிப்பதில்லை’ என்ற வழக்கமான புலம்பல் இங்கே பொருந்தாது. புதுச்சேரியில் மணல் போகும் என்பது முன்பே தெரிந்த சங்கதி. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் திட்டத்திலேயே இருந்தது.

முதலில் மணல் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். சோழமண்டலக் கரையில் எங்கே வேண்டுமானாலும் அலை ஏறி இறங்கும் விளிம்பில் ஒரு கொட்டாங்குச்சியைப் போட்டுப் பாருங்கள். அலை கரைக்கு நேராக வருவதில்லை, சற்றே சாய்ந்து வருகிறது. கொட்டாங்குச்சியை அந்தச் சாய்விலேயே மேலே தள்ளுகிறது. தண்ணீர் திரும்பும்போது சரிவைப் பார்த்து நேராக இறங்குகிறது. அடுத்த அலை மறுபடியும் சாய்த்துத் தள்ளுகிறது. பத்து நிமிடத்தில் கொட்டாங்குச்சி போட்ட இடத்தில் இருக்காது. மணல் துகளும் இப்படித்தான் கோணல்மாணலாக நடந்து போகிறது. அலை உடையும் பகுதியில் கரையோரமாக ஓடும் நீரோட்டம் இன்னும் பெரிய அளவில் மணலைச் சுமக்கிறது. ஏறக்குறைய மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமும் சேர்த்து, ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடக்கிலிருந்து தெற்கே. மீனவர்கள் இவற்றைத் தெண்டி, வன்னி என்று பிரித்துச் சொல்வார்கள். வலை போடுவதே இதைப் பார்த்துத்தான். வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அந்த மிச்சம் ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர். ஒரு லாரிக்கு ஐந்து கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட, பல்லாயிரம் லாரி மணல் சத்தமில்லாமல் நம் கண்முன்னால் நகர்ந்துகொண்டிருக்கிறது.

ஆகவே இந்தக் கடற்கரையில் ‘இருக்கும் மணல்’ என்று ஒன்று கிடையாது; இருப்பதெல்லாம் வழிப்போக்கு மணல். தெற்கிலிருந்து வருவதும் வடக்கே போவதும் சமமாக இருக்கும்வரை கரை நின்ற இடத்தில் நிற்கும்.

1980-களின் பின்பாதியில் அரியாங்குப்பம் ஆறு கடலில் விழும் இடத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கல்தடுப்புகள் நீட்டப்பட்டன. வடக்கே போகும் மணல் தெற்குத் தடுப்பில் முட்டி நின்றது. வீராம்பட்டினம் பக்கம் கரை அகலமானது. வடக்கே நகரத்துக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. ஆனால் நகரத்தை விட்டுப் போகவேண்டிய மணல் வழக்கம்போல் போய்க்கொண்டே இருந்தது. வரவு நின்ற வீட்டில் செலவு மட்டும் நடந்தால் என்ன ஆகுமோ அது ஆனது. வம்பாகீரப்பாளையம், கடற்கரைச் சாலை, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வரிசையாகக் கரை தேய்ந்தது. தேய்ந்த இடத்தில் கல் கொட்டினார்கள். கல் நிலத்தைக் காப்பாற்றும், மணலைக் காப்பாற்றாது. கல் முடியும் இடத்தில் அரிப்பு ஆரம்பிக்கும். எனவே அடுத்த ஊருக்கும் கல் தேவைப்பட்டது. இப்படியே நகர எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை பிரச்சினை நகர்ந்தது. அங்கே கடலுக்குள் கல்லை நீட்டும் தூண்டில் வளைவு வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. தூண்டில் வளைவுக்கும் வடக்கே ஓர் ஊர் இருக்கத்தானே செய்கிறது.

இது யாருக்கும் தெரியாமல் நடந்த விபத்தல்ல. நூறு ஆண்டுக்கு முன்பே பக்கத்துச் சென்னையில் பாடம் நடந்து முடிந்திருந்தது. சென்னைத் துறைமுக வேலை 1876இல் தொடங்கியது. 1881 புயல் கட்டியதைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை கடலுக்குப் போனது. நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மெரினாவின் அகலம், வடசென்னைக்குப் போய்ச் சேராத மணல். புதுச்சேரித் துறைமுகத்துக்கு ஆய்வு செய்த புனேயின் மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையத்துக்கு இதெல்லாம் தெரியும். அதனால்தான் திட்டத்தோடு மணல் பைபாஸ் ஏற்பாடும் சேர்ந்திருந்தது. தெற்கே தேங்கும் மணலைப் பம்ப் வைத்து உறிஞ்சி, ஆற்று வாயைத் தாண்டி வடக்கே கொண்டுபோய் விட வேண்டும். ஒருமுறை செய்து முடிக்கிற வேலையல்ல இது. கல்தடுப்பு நிற்கும்வரை ஆண்டுதோறும் செய்ய வேண்டியது.

கல்தடுப்பு எழுந்தது. பைபாஸ் உருப்படியாக ஓடவில்லை.

இதே காலத்தில் ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் கோல்ட் கோஸ்ட் நகரில், கிட்டத்தட்ட இதே கணக்கைப் போட்டார்கள். நேராங் ஆற்றின் வாயை நிலைப்படுத்த 1984க்கும் 1986க்கும் இடையில் இரண்டு கல்தடுப்புகள் கட்டினார்கள். அங்கேயும் மணல் வடக்கு நோக்கித்தான் போகிறது. அவர்கள் தெற்குப் பக்கத்தில் கடலுக்குள் ஒரு நீண்ட பாலம் போட்டு, அதன் அடியில் வரிசையாகப் பம்புகளை இறக்கி, வந்து சேரும் மணலைக் குழாய் வழியே வாயின் அடியில் செலுத்தி அக்கரைத் தீவில் கொட்டினார்கள். 1986இல் ஓடத் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். இயற்பியலும் ஒன்று, அளவும் ஏறக்குறைய ஒன்று, ஆண்டுகளும் ஒன்று. அவர்களுக்குக் கூடுதலாக ஏதோ பெரிய விஞ்ஞானம் தெரிந்திருந்தது என்று சொல்ல முடியாது. மாதாமாதம் மின் கட்டணம் கட்டவும் பம்ப் ரிப்பேர் பார்க்கவும் ஆளும் பணமும் ஒதுக்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இங்கே ஒரு நிமிடம் அரசாங்கக் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். சுற்றுச்சூழல் பற்றிப் பேசுகிற நாம் அதைத் திறப்பதே இல்லை. கல்தடுப்பு மூலதனச் செலவு. திட்டம், டெண்டர், அடிக்கல், திறப்பு விழா, கல்வெட்டு என்று அதற்கு ஆரம்பமும் முடிவும் உண்டு. பைபாஸ் தொடர் செலவு. அதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது. ஒவ்வோர் ஏப்ரலிலும் யாராவது ஒருவர் அதற்குப் பணம் கேட்டு எழுத வேண்டும். நிதித்துறையில் ஒருவர், ‘போன வருஷம்தானே மணல் எடுத்தீர்கள்?’ என்று கேட்பார். எழுத வேண்டியவர் மாற்றலாகிப் போயிருப்பார். புதிதாக வந்தவருக்கு இது ஏன் என்றே தெரியாது. ஆய்வறிக்கை அலமாரியில் இருக்கும். அதில் சொன்ன வேலைக்குக் கணக்குத் தலைப்பு இருக்காது. அறிவியல் ஆலோசனை அரசாங்கத்தில் செத்துப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பது என் கருத்து. அமைச்சர் மறுத்ததால் நின்றதைவிட, மறுக்கவும் ஆளில்லாமல் நின்றதே அதிகம்.

பல்கலைக்கழகப் பக்கத்திலும் கோளாறு இல்லாமல் இல்லை. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் கடலை ஒட்டியே இருக்கிறது. அரிப்பைப் பார்க்க அவர்கள் பஸ் ஏறக்கூடத் தேவையில்லை. இந்தக் கரையைப் பற்றிப் பல நிறுவனங்களிலிருந்து ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்து, கரைக்கோட்டை ஆண்டுவாரியாக வரைந்து, அது எவ்வளவு நகர்ந்தது என்று மென்பொருளில் கணக்கிடுவார்கள். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம் ஆனதால் இந்த வகை ஆய்வு பெருகியது. நல்லதுதான். ஆனால் அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர். ஆண்டுக்கு ஒன்றிரண்டு மீட்டர் நகரும் கோட்டை முப்பது மீட்டர் புள்ளியை வைத்துப் பிடிக்க வேண்டும். நீண்ட காலத்துக்குப் பார்த்தால் பிடிக்கலாம், இரண்டு மூன்று ஆண்டில் முடியாது.

இன்னொரு வம்பும் உண்டு. கரை ஓர் ஆண்டுக்குள்ளேயே உள்ளே வெளியே போய்வரும். அமைதியான மாதங்களில் சின்ன அலை மணலைக் கொண்டுவந்து கரையில் மேடாக்கும். நவம்பர், டிசம்பர் புயல் அலை அதை வாரிக் கடலுக்குள் கொண்டுபோய்த் திட்டாக வைக்கும். மார்ச் மாதப் படத்தை டிசம்பர் மாதப் படத்தோடு ஒப்பிட்டால், ஊரே கடலுக்குப் போய்விட்டதுபோல் ஓர் எண் கிடைக்கும். கரைக்கோடு என்று எதைக் கொள்வது என்பதும் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் ஈர மணலின் விளிம்பை எடுப்பார், ஒருவர் செடிகொடி தொடங்கும் இடத்தை எடுப்பார். ஆகவே ஒரே குப்பத்துக்கு இரண்டு கட்டுரைகளில் இரண்டு எண் வரும். இரண்டும் தத்தம் அளவில் சரியாகவே இருக்கும். கோப்பில் குறிப்பு எழுதும் அதிகாரிக்கு ஓர் எண்தான் வேண்டும். விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்று அவர் எழுதி முடித்தால் அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. இரண்டு எண்ணும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் அந்தப் பக்கத்தை எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்பதும் ரகசியமல்ல. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொண்டுவந்த மதிப்பெண் முறை, பேராசிரியரின் பதவி உயர்வைக் கட்டுரை எண்ணிக்கையோடு கட்டியது. வெளிநாட்டு ஆய்விதழில் வரும் கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. பொதுப்பணித்துறையின் செயற்பொறியாளருக்குத் தமிழிலோ எளிய ஆங்கிலத்திலோ எழுதும் ஒரு பக்கத்துக்கு அந்த மதிப்பு இல்லை. கரையை அளப்பதும் அப்படித்தான். அது சலிப்பான வேலை. சுவரில் ஓர் அடையாளக் குறி வைத்துக்கொண்டு, அங்கிருந்து நாடா பிடித்து, சில மீட்டருக்கு ஒருமுறை அளவுகோலை நட்டு உயரம் குறித்துக்கொண்டே இடுப்பளவு தண்ணீர் வரை இறங்க வேண்டும். அதே இடத்தில், அதே கடல் ஏற்ற நிலையில், அடுத்த மாதமும் செய்ய வேண்டும், அதற்கடுத்த மாதமும். முனைவர் பட்ட மாணவர் இருக்கும்வரை இது நடக்கும். பட்டம் வாங்கியதும் நாடாவைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். பைபாஸ் நின்ற அதே காரணத்தால்தான் அளவையும் நிற்கிறது. தொடர் வேலைக்கு அரசிலும் தலைப்பு இல்லை, பல்கலைக்கழகத்திலும் இல்லை.

ஆய்வு அரசோடு ஒட்டிக்கொண்ட கதையும் இந்த ஊரிலேயே உண்டு. செயிண்ட் லூயி வீதியில், கடற்காற்று வீசும் தொலைவில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சி கைமாறிய 1954ஐ அடுத்து, 1955இல் தொடங்கியது. கடலுக்கு அருகே இருந்துகொண்டு அவர்கள் காட்டை வரைந்தார்கள். துலூஸ் பேராசிரியர் ஆன்ரி கோசனின் முறைப்படி, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து, தாவர வரைபடங்களை வெளியிட்டார்கள். கன்னியாகுமரித் தாள் 1961இல் வந்தது. 1980-களில் ஷிமோகாவில் தொடங்கி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை இன்னும் நுணுக்கமான அளவில், மாநில வனத்துறைகளின் ஒத்துழைப்போடு வரைந்தார்கள். ழான்-பியர் பாஸ்கலின் பெயரோடு சேர்ந்த பணி அது. வனத்துறைக்கு ஏற்கெனவே வேலைத் திட்டம் எழுதும் கடமை உண்டு, அதற்கு வரைபடம் தேவை. இருக்கிற தேவைக்குள் விஞ்ஞானம் போய் உட்கார்ந்துகொண்டது. கடற்கரை விஷயத்தில் அப்படியொரு கடமை எந்தத் துறைக்கும் எழுதி வைக்கப்படவில்லை. மணல் துறைமுகத் துறையினுடையதா, பொதுப்பணித் துறையினுடையதா, சுற்றுச்சூழல் துறையினுடையதா என்று கேட்டால் மூவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

இடைவெளியை நிரப்ப வந்தவர்கள் அரசுமல்ல, பல்கலைக்கழகமுமல்ல. புரோபிர் பானர்ஜி, ஆரோஃபீலியோ ஸ்கியவினா போன்றவர்கள் முன்னின்ற ‘பாண்டிகேன்’ என்ற குடிமக்கள் அமைப்பு அறிக்கைகளைத் தோண்டி எடுத்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மணல் நடக்கும் கதையைப் பள்ளிப் பிள்ளைக்கும் அமைச்சருக்கும் ஒரே மொழியில் சொல்லியது. சேகர் தத்தாத்ரி எடுத்த ஆவணப்படம் அதற்கு உதவியது. 2000-களின் நடுவில் ஆழ்கடல் துறைமுகத் திட்டம் ஒன்று வந்தபோது ஊரே இரண்டாகி வாதம் நடந்தது. எதிர்த்தவர்கள் கையில் முழக்கம் மட்டும் இல்லாமல் மணல் கணக்கும் இருந்தது. வெறும் மொழிபெயர்ப்பு வேலை என்று சிலர் இதை அலட்சியமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பல ஆண்டு ஒரே விஷயத்தை விடாமல் பேச ஒரு கூட்டம் இருந்தது என்பதுதான் இதில் பெரிது. அதிகாரியும் மாறுவார், அமைச்சரும் மாறுவார், மாணவரும் பட்டம் வாங்கிப் போய்விடுவார், இவர்கள் மாறவில்லை.

பிறகு சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், புவி அறிவியல் அமைச்சகத்தின் பணத்தோடு களத்துக்கு வந்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலில், கரையோரத்துக்குச் சற்றுத் தள்ளி, ஆப்பு வடிவில் செய்த நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள எஃகுப் பெட்டியை 2018இல் மூழ்கடித்தார்கள். அது தண்ணீருக்கு அடியில் கிடக்கும் செயற்கைத் திட்டு. பெரிய அலை அதன்மேல் ஏறும்போதே உடைந்து சக்தியை இழக்கிறது. அதன் பின்னால் நீரோட்டம் தளர்கிறது. தளர்ந்த நீர் சுமந்துவந்த மணலைக் கீழே போடுகிறது. கூடவே துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். கருங்கல்லுக்கு முன்னால் மணல் சேர்ந்தது. கல் கொட்டுவது மட்டுமே தீர்வு என்று நம்பிய ஊருக்கு இது கண்ணெதிரே நடந்த நிரூபணம்.

ஆனாலும் திட்டு மணலை உற்பத்தி செய்யாது. வழியில் போகிற மணலைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கும். தெற்கேயிருந்து வரவு இல்லாவிட்டால், ஓர் இடத்தில் நிறுத்தியது வடக்கே இன்னோர் இடத்துக்குக் குறையும். தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1990 முதல் 2016 வரை இந்தியக் கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளானது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் கரையில் அது 57 விழுக்காடு. மேற்கு வங்கம் மட்டுமே இதற்கு மேல். இப்படிப்பட்ட எண்கள் வெறும் எண்களாகவே நின்றுவிடுவதும் இல்லை. 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, அதிக அரிப்பு உள்ள பகுதிகளில் புதிய துறைமுகத் திட்டங்களுக்கு அனுமதியில்லை என்றது. பாதுகாப்பு சார்ந்தவற்றுக்கு மட்டும் விலக்கு. எந்த இடம் ‘அதிக அரிப்பு’ என்று வரைபடத்தில் குறிப்பவரின் பேனாவுக்கு அதன்மூலம் சட்டபலம் வந்துவிட்டது. நாடா பிடித்து இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் மாணவரின் அளவை அந்தப் பேனாவுக்கு எட்டுகிறதா என்பது அதனால்தான் முக்கியமாகிறது.

எல்லைப் பிரச்சினையும் இருக்கிறது. புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் முதலில் தமிழ்நாடு, பிறகு காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி, அப்புறம் மறுபடி தமிழ்நாடு. மணலுக்கு இதெல்லாம் தெரியாது. இரண்டு அரசுகள், இரண்டு கடலோர மேலாண்மை ஆணையங்கள், ஒரே மணல் ஓட்டம். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று வாயும் இரண்டு மாநில எல்லையில்தான் இருக்கிறது. தெற்கே நியூ சவுத் வேல்ஸ், வடக்கே குவீன்ஸ்லாந்து. இருவரும் உடன்படிக்கை செய்து, 1990-களில் சட்டமாக்கி, செலவைப் பகிர்ந்துகொண்டு 2001 முதல் பம்ப் ஓட்டுகிறார்கள். நம்மிடம் காவிரிக்கு ஆணையம் உண்டு, மணலுக்குப் பேச்சுவார்த்தைகூட கிடையாது.

இருந்தாலும் புதிய ஆணையம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரம் அடிக்கடி தூர்ந்துபோகிறது. விசைப்படகு தரைதட்டும்போது மீனவர்கள் குரல் எழுப்புகிறார்கள், அரசு தூர்வாரியே ஆகவேண்டியிருக்கிறது. ஆக மணல் அள்ளும் செலவு எப்படியும் நடக்கிற செலவு. அள்ளிய மணலை எங்கே விடுவது என்பதை டெண்டரில் யாராவது எழுதத்தான் வேண்டும். அந்த ஒரு வரியை எழுதும்போது மேசையைச் சுற்றித் துறைமுகத் துறைப் பொறியாளர், வைத்திக்குப்பத்துப் பஞ்சாயத்தார், கரையை அளக்கும் பல்கலைக்கழக ஆய்வாளர், கோட்டக்குப்பம் பக்கத்துக்குப் பொறுப்பான விழுப்புரம் மாவட்ட அதிகாரி ஆகிய நால்வரும் இருந்தால், கடற்கரைச் சாலைக்கு எவ்வளவு, அதற்கு வடக்கே எவ்வளவு, தெண்டி ஓடும்போது விடுவதா, வன்னி மாறும்வரை பொறுப்பதா என்பதைப் பேசித் தீர்க்கலாம். தூர்வாரும் தொகையில் ஒரு சிறு பங்கை, விடுவதற்கு முன்னும் பின்னும் மாதாமாதம் கரை அளக்க என்று அதே டெண்டரில் சேர்த்துவிட்டால், மாணவர் மாறினாலும் நாடா சுருட்டப்படாது.